அலபாமா ஜட்ஜ் ஃபிராங்க் ஜான்சன்: ஒரு ட்ரயல் கோர்ட் நீதிபதியால எவ்வளவு மாத்த முடியும்?

கரிசல்மண்:
அமெரிக்கா கோர்ட்டுன்னு பேச்செடுத்தாலே நம்ம ஆளுங்க நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிடறாங்க. ஒன்பது பேரு, யாரை எந்த பிரசிடெண்ட் போட்டாரு, அத்தோட முடிஞ்சுது. கீழ உக்காந்து சாட்சி கேட்டு, ஆர்டர் போட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டு வர்ற ட்ரயல் ஜட்ஜை யாரும் கண்டுக்கிறதே இல்ல. அதனாலதான் ஃபிராங்க் ஜான்சனைப் பத்தி இந்த இழை.

1918ல பிறந்தவரு, வடக்கு அலபாமா மலைப்பக்கம் வின்ஸ்டன் கவுண்டி. 1861ல அலபாமா அமெரிக்காவை விட்டுப் பிரிஞ்சப்ப அதை எதிர்த்து நின்ன ஊரு அது. பெரிய பருத்திப் பண்ணை கிடையாது, அடிமை வச்சிருந்தவங்களும் ரொம்பக் கம்மி. அலபாமாவே டெமாக்ரட் கோட்டையா இருந்த காலத்துல இவங்க குடும்பம் ரிபப்ளிகன். ரெண்டாம் உலகப்போர்ல நார்மண்டில சண்டை போட்டு அடிபட்டு வந்தாரு. 1955ல பிரசிடெண்ட் ஐசனோவர் அலபாமா தலைநகர் மான்ட்கோமரில இருக்கிற ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டுல ஜட்ஜா போடறாரு, பதவி ஏத்துக்கிறப்ப வயசு 37. சீட்ல உக்காந்து கொஞ்ச நாள்லயே அந்த ஊர்ல, வெள்ளைக்காரங்களுக்கு ஒரு சீட் கறுப்பினத்தவருக்கு ஒரு சீட்னு பிரிச்சு வச்ச பஸ்ல ஏற மாட்டோம்னு கறுப்பின மக்களோட பஸ் பாய்காட் ஆரம்பிக்குது. அதுலேர்ந்து 1979 வரைக்கும் பஸ், ஓட்டு, ஸ்கூல், ஜூரி, மனநல ஆஸ்பத்திரி, ஜெயில்னு அந்த மாநிலத்துல மாறின எதை எடுத்தாலும் இவரு கையெழுத்து இருக்கும்.

என் கருத்து என்னன்னா, சுப்ரீம் கோர்ட் ஒரு வரி சொல்லிட்டுப் போயிடும், அந்த வரியை ஒரு ஊருக்குள்ள கொண்டு வந்து இறக்குறது ட்ரயல் ஜட்ஜ்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க?

கோர்ட்வாசல்:
நல்ல இழை அண்ணே. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்காவுல டிஸ்ட்ரிக்ட் கோர்ட்னா நம்மூர் மாவட்ட நீதிமன்றம் மாதிரி இல்ல. ஃபெடரல் அரசாங்கத்தோட முதல் படி கோர்ட் அது, ஜட்ஜை பிரசிடெண்ட் போடுவாரு, செனட் ஒத்துக்கணும், ஆயுசு பூரா பதவி. தேர்தல்ல நிக்கத் தேவையில்ல, அந்த ஊர்க்காரன் கோவிச்சுக்கிட்டா பதவி போயிடும்ங்கிற பயம் இல்ல. 1950கள்ல தெற்குல இதுக்கு எவ்வளவு மதிப்புன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் பஸ் கேஸ். ரோசா பார்க்ஸ் கேஸாலதான் பஸ்ல பிரிவினை ஒழிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஜெயிச்சது வேற கேஸ், பிரவுடர் எதிர் கெயில். நாலு பெண்கள் வாதி, அதுல கிளாடெட் கால்வின் பதினஞ்சு வயசுல, ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொல்லி அரெஸ்ட் ஆன பொண்ணு. வக்கீல் ஃபிரெட் கிரே. மூணு ஜட்ஜ் பெஞ்ச், 1956 ஜூன்ல ரெண்டுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு, ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்ஸும் ஒரு பக்கம். இதுல என்ன பெரிய விஷயம்னா, அந்த நேரத்துல சுப்ரீம் கோர்ட் ஸ்கூலுக்கு மட்டும்தான் தெளிவா பேசி இருந்தது, ஊருக்குள்ள ஓடுற பஸ்ஸுக்கு, பிரிச்சு வச்சாலும் சமமா இருந்தா சரின்னு சொன்ன பழைய 1896 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்குன்னு வாதாட இடம் இருந்தது. மூணாவது ஜட்ஜ் அதைத்தான் எழுதினாரு. இவங்க ரெண்டு பேரும் அது செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணாங்க. நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுது, 381 நாள் பாய்காட் முடியுது.

தாமிரபரணி:
ஜார்ஜ் வாலஸும் இவரும் ஒரே காலேஜ்னு கேள்விப்பட்டேனே, உண்மையா? அந்த "என்றைக்கும் பிரிவினை" கவர்னர்?

கரிசல்மண்:
உண்மைதான் தம்பி. ரெண்டு பேரும் அலபாமா யூனிவர்சிட்டில ஒரே சமயத்துல சட்டம் படிச்சவங்க, நல்லாப் பழகினவங்க. 1958 கடைசில ஒரு சம்பவம். கறுப்பின மக்களை ஓட்டர் லிஸ்ட்ல சேர்க்க மாட்டேங்கிறாங்கன்னு சிவில் ரைட்ஸ் கமிஷன் விசாரிக்குது, ரெக்கார்டு கேக்குது. வாலஸ் அப்ப மாநில சர்க்யூட் ஜட்ஜ், ரெக்கார்டைக் கைப்பத்தி வச்சுக்கிட்டு தரமாட்டேங்கிறாரு. ஜான்சன் ஆர்டர் போடறாரு, குடுக்கலேன்னா கோர்ட் அவமதிப்புன்னு. அப்ப ஒரு ராத்திரி வாலஸ் யாருக்கும் தெரியாம ஜான்சன் வீட்டுக்கே வந்து, பேருக்கு ஒரு சின்னத் தண்டனை குடு, அரசியல்ல எனக்கு உதவும்னு கேட்டதா ஜான்சன் பின்னாடி சொல்லி இருக்காரு. மாட்டேன்னுட்டாரு. ஆர்டரை மீறினா சட்டப்படி என்ன வருமோ அதுதான்னு சொல்லி அனுப்பிட்டாரு.

வாலஸ் என்ன பண்ணாரு? ரெக்கார்டை கிராண்ட் ஜூரி (கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற ஊர்க்காரங்க குழு) கையில குடுத்து, அவங்க மூலமா கமிஷனுக்குப் போக வச்சாரு. வெளிய வந்து நான் ஃபெடரல் கோர்ட்டையே எதிர்த்து நின்னேன்னு மேடைல பேசினாரு. 1959 ஜனவரில ஜான்சன் தீர்ப்பு: ரெக்கார்டு வந்து சேர்ந்துடுச்சு, அதனால அவமதிப்பு இல்லைன்னு விடுதலை. ஆனா அந்தத் தீர்ப்புலயே, இந்த ஆளு சுத்தி வளைச்சு நம்ம ஆர்டருக்குக் கீழ்ப்படிஞ்சுட்டாருன்னு எழுதி வச்சாரு. ஜெயிலுக்குப் போன தியாகின்னு சொல்லிக்க வாலஸுக்கு வாய்ப்பே குடுக்கல. அடுத்த தேர்தல் பூரா வாலஸ் இவரைப் பொய்யன்னு திட்டித் திட்டித்தான் ஓட்டுக் கேட்டாரு, 1962ல ஜெயிக்கவும் செஞ்சாரு.

சட்டக்கல்லூரி மாணவி:
செல்மா கேஸ் நான் சொல்றேன், எங்க செமினார்ல எடுத்தேன். அலபாமால செல்மாங்கிற ஊர்லேர்ந்து மான்ட்கோமரிக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்து கிளம்பின கறுப்பின மக்களை, 1965 மார்ச் 7, எட்மண்ட் பெட்டஸ் பாலத்துல போலீஸ் அடிச்சு விரட்டுது. உடனே ஊர்வலம் போக அனுமதி கேட்டு ஜான்சன் கோர்ட்டுக்கு வர்றாங்க. எல்லாரும் எதிர்பார்க்கிறது என்ன, உடனே அனுமதி குடுப்பாருன்னு. அவரு விசாரணை முடியற வரைக்கும் யாரும் நடக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாரு! மார்ச் 9 மார்ட்டின் லூதர் கிங் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினதுக்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் அஞ்சு நாள் போல விசாரணை, பாலத்துல அடிச்ச ஃபிலிமை கோர்ட்டுலயே போட்டுப் பாத்தாங்க, கிங்கையே கூண்டுல ஏத்தி நீங்க 9ஆம் தேதி கோர்ட் ஆர்டரை மீறினீங்களான்னு கேட்டாங்க.

மார்ச் 17 தீர்ப்பு. அதுல ஒரு கோட்பாடு வருது, அநியாயம் எவ்வளவு பெருசோ அந்த அளவுக்குத்தான் ரோட்டுல இறங்கி எதிர்ப்பு காட்டுற உரிமையும் இருக்கணும், இங்க அநியாயம் மிகப் பெருசு, அதனால ஹைவேல நடக்கிற உரிமையும் பெருசுன்னு. இதை மட்டும் படிச்சா கவிதை மாதிரி இருக்கும், ஆனா கூடவே நடக்கிற திட்டம் பூரா இருக்கு: எத்தனை நாள், எங்க தங்கறது, ரோடு ரெண்டு லேனா குறுகுற இடத்துல 300 பேருக்கு மேல நடக்கக் கூடாது. கவர்னர், போலீஸ் எல்லாருக்கும் இவங்களைத் தொடக் கூடாது, பாதுகாப்பு குடுக்கணும்னு உத்தரவு. 21ஆம் தேதி கிளம்பி 25ஆம் தேதி மான்ட்கோமரி போய்ச் சேர்றப்ப 25,000 பேர் கிட்ட.

கோட்பாடு பேசறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, எந்த இடத்துல ரோடு குறுகுதுன்னு பாத்து எழுதினாரு பாருங்க, அதுலதான் நான் விழுந்தேன்.

எதிர்வினை:
எல்லாரும் சேர்ந்து சாமியாக்கிடாதீங்க. டஸ்கீகி கேஸை யாரும் சொல்லவே இல்லையே? 1957ல அலபாமா சட்டசபை டஸ்கீகி ஊர் எல்லையை 28 பக்கம் உள்ள ஒரு உருவமா வெட்டி, கறுப்பின ஓட்டர்ல நாலஞ்சு பேரைத் தவிர சுமார் 400 பேரையும் ஊருக்கு வெளிய தள்ளிச்சு. வெள்ளைக்கார ஓட்டர் ஒருத்தர் கூட வெளிய போகல. கேஸ் ஜான்சன்கிட்ட வந்துச்சு, எல்லை போடறது சட்டசபை அதிகாரம், நான் தலையிட முடியாதுன்னு தள்ளுபடி பண்ணிட்டாரு. 1960ல சுப்ரீம் கோர்ட்தான் அதைத் திருப்பிச்சு. 1961ல ஃப்ரீடம் ரைடர்ஸ், அதாவது ஊர் விட்டு ஊர் போற பஸ்ல பிரிவினையை எதிர்த்து கறுப்பு வெள்ளைன்னு சேர்ந்து ஏறிப் போனவங்க, வந்தப்ப கு க்ளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆளுங்களுக்கும் போலீஸுக்கும் தடை போட்ட அதே கையால, ரைடர்ஸுக்கும் பஸ் ஏறக் கூடாதுன்னு தற்காலிகத் தடை போட்டாரு. அடிச்சவனுக்கும் அடி வாங்கினவனுக்கும் ஒரே தராசா?

கோர்ட்வாசல்:
டஸ்கீகி தகவல் சரிதான் சார், ஆனா அதுலேர்ந்துதான் எனக்கு இந்த ஆளு புரியறாரு. அவரு போராளி இல்ல, தன்னைப் போராளின்னு சொல்லிக்கவும் இல்ல. முன்னாடி இருக்கிற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு எங்க வரைக்கும் இடம் குடுக்குதோ அங்க வரைக்கும் போவாரு. டஸ்கீகில அன்னிக்குச் சட்டம் அவரு பக்கம் இல்லைன்னு நினைச்சாரு, நின்னுட்டாரு. சுப்ரீம் கோர்ட் கதவைத் திறந்ததும் 1962ல சட்டசபைத் தொகுதி கேஸ்ல, அறுபது வருஷமா தொகுதியை மாத்தாம ஓட்டி வந்த அலபாமாவோட வரைபடம் செல்லாதுன்னு சொன்ன பெஞ்சுல இவரும் இருந்தாரு. அதுதான் மேல போய் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் ஆச்சு, 1964, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் சம எடை. நாடு முழுக்க சட்டசபைகளைத் திருத்தி வரைய வச்ச தீர்ப்பு.

ரைடர்ஸ் தடை எனக்கும் உறுத்தும். ஆனா ரெண்டு பக்கமும் என் கோர்ட்டுக்கு அடங்கணும்னு அவரு நினைச்சது செல்மாலயும் தெரியுது. அன்னிக்கு கிங்குக்கே தடை போட்ட ஜட்ஜ்ங்கிறதாலதான், 17ஆம் தேதி அனுமதி குடுத்தப்ப ஒருதலைப்பட்சம்னு ஒதுக்கித் தள்ள முடியல.

எதிர்வினை:
அடி வாங்குறவங்க கிட்ட போய் ஜட்ஜோட நம்பகத்தன்மைக்காக கொஞ்ச நாள் பொறுங்கன்னு சொல்ல முடியுமா சார்? அந்த விலையைக் குடுத்தது அவரு இல்லையே. இதுல நான் உங்களோட ஒத்துப் போக மாட்டேன்.

வார்டு நர்ஸ்:
இவ்வளவு நேரம் படிச்சுட்டே இருந்தேன், இப்ப எழுதியே ஆகணும். நான் மனநல வார்டுல பல வருஷமா வேலை பாக்கிறேன். எனக்கு ஜான்சன்னா வையட் எதிர் ஸ்டிக்னி, மத்ததெல்லாம் அப்புறம்தான்.

1970ல அலபாமாவுல சிகரெட் வரி வருமானம் கொறைஞ்சதுன்னு டஸ்கலூசால இருக்கிற பிரைஸ் மனநல ஆஸ்பத்திரில 99 பேரை வேலையை விட்டு எடுத்தாங்க. உள்ள சுமார் 5,000 நோயாளிங்க, பெரும்பாலும் அவங்க சம்மதமில்லாம அடைக்கப்பட்டவங்க. வேலை போன ஊழியர்களும் ஒரு பதினஞ்சு வயசுப் பையனைப் பேர் வாதியாப் போட்டு நோயாளிங்க பக்கமும் கேஸ் போட்டாங்க. அந்தப் பையனுக்கு மனநோயே கிடையாது, சேட்டை பண்றான்னு கொண்டு வந்து விட்ட பையன். ஆள் குறைப்புல ஆரம்பிச்ச கேஸை ஜான்சன் வேற கேள்விக்குத் திருப்பினாரு: சிகிச்சை குடுக்கத்தான் ஒருத்தரைக் கட்டாயமா அடைக்கிறோம், சிகிச்சையே இல்லேன்னா எந்த உரிமைல அடைச்சு வச்சிருக்கோம்? 1971 மார்ச்ல இதைத் தீர்ப்பா எழுதி, ஆறு மாசம் டைம் குடுத்தாரு. அவங்களால முடியல. 1972 ஏப்ரல்ல தரநிலைகளை வகுத்து ஆர்டர் போட்டாரு.

அந்த லிஸ்டை ஒரு தடவையாவது படிங்க. எட்டு நோயாளிக்கு ஒரு கக்கூஸ். பதினஞ்சு பேருக்கு ஒரு குளியல். ஒரு ரூம்ல ஆறு பேருக்கு மேல கூடாது, ஆளுக்கு 80 சதுர அடி. வார்டு வெப்பம் 68 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழயும் 83க்கு மேலயும் போகக் கூடாது. நோயாளி திறக்கிற குழாயில சுடுதண்ணி 110 டிகிரி. வெளிய இருக்கிறவங்களுக்கு இது என்னடா ஜட்ஜ் குழாய்த் தண்ணி சூட்டைப் பாக்கிறாருன்னு தோணும். மருந்து மயக்கத்துல இருக்கிறவங்க சூடு தெரியாம குழாய்க்கு அடியில நிப்பாங்க, தோல் வெந்து போன பிறகுதான் நமக்குத் தெரியும். அது தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டு எழுதின ஆர்டர் அது. இன்னும் இருக்கு: சொந்தத் துணி போட்டுக்கிற உரிமை, பிரிக்காத கடிதம் அனுப்புற உரிமை, ஆஸ்பத்திரி வேலையைக் கூலி குடுக்காம வாங்கக் கூடாது, ஒவ்வொருத்தருக்கும் தனியா எழுதின சிகிச்சைத் திட்டம். அந்தக் கடைசி ஒண்ணை நாங்க இன்னிக்கு ஃபைல்ல சாதாரணமா எழுதறோம், அன்னிக்கு ஜட்ஜ் ஆர்டர் போட வேண்டி இருந்துச்சு.

பார்ட்லோன்னு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவங்களுக்கான இல்லம் ஒண்ணும் இதே கேஸ்ல இருந்தது. அங்க நிலைமையைக் கேட்டுட்டு, 30 நாளைக்குள்ள 300 பணியாளர்களைச் சேருங்கன்னு அவசர உத்தரவு போட்டாரு.

தாமிரபரணி:
அக்கா, இதைப் படிச்சதும் நெஞ்சு கனத்துப் போச்சு. இந்த லிஸ்டெல்லாம் அவரு ஒருத்தரா உக்காந்து எழுதினதா?

வார்டு நர்ஸ்:
இல்லப்பா. மத்திய நீதித்துறையைக் கோர்ட்டுக்கு உதவியா வரச் சொன்னாரு, அமெரிக்க உளவியல் சங்கம் மாதிரி அமைப்புகளையும் சேர்த்துக்கிட்டாரு. நிறைய தரநிலைகளுக்கு மாநில அரசு பக்கமே சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கு. ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கும் உள்ளுக்குள்ள இது வேணும்னுதான் இருந்தது, சட்டசபைதான் காசு தரல.

எதிர்வினை:
அங்கதான் என் அடுத்த கேள்வி. காசு ஒதுக்கறது சட்டசபை வேலை. யாரும் ஓட்டுப் போடாத ஒருத்தர் 300 பேரை வேலைக்கு எடுன்னு சொல்றப்ப, அந்தக் காசு எந்த ஸ்கூல்லேர்ந்து போகும்னு அவரு பதில் சொல்ல வேண்டியதில்ல. ஜெயில் கேஸ் பாருங்க. 1976 ஜனவரில ஆளுக்கு ஒரு தனி செல், 60 சதுர அடி, மேற்பார்வைக்கு 39 பேர் கமிட்டி. அடுத்த வருஷமே அப்பீல் கோர்ட் அந்தக் கமிட்டியைக் கலைச்சுது, 60 சதுர அடியையும் வெட்டிச்சு. 1979ல ஜெயில் போர்டுகிட்டேர்ந்து நிர்வாகத்தைப் பிடுங்கி புது கவர்னர் ஃபாப் ஜேம்ஸை ரிசீவரா, அதாவது கோர்ட் சார்பா ஜெயிலை நடத்துற ஆளா போட்டாரு. அப்புறம் என்ன ஆச்சு? 2019ல மத்திய நீதித்துறை அலபாமா ஆண்கள் ஜெயில்ல கூட்டமும் வன்முறையும் சட்டவிரோத அளவுல இருக்குன்னு அறிக்கை குடுத்து, 2020ல கேஸே போட்டிருக்கு. நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கரிசல்மண்:
கமிட்டி கலைஞ்சது உண்மை. ஆனா அந்த ஜெயில்களோட நிலைமை மனுஷன் தாங்கக் கூடியது இல்லைங்கிற கண்டுபிடிப்பை அப்பீல் கோர்ட் தொடவே இல்லியே? மாநிலத்தோட வக்கீல்களே விசாரணை நடுவுல அதை ஒத்துக்கிட்டாங்க. படிப்போ பயிற்சியோ இல்லாத கைதிங்களே சக கைதிக்கு ஊசி போட்டு தையல் போட்ட ஜெயில் அது, 1972லயே அந்த மருத்துவக் கேஸ்லயும் இவரு தீர்ப்பு குடுத்திருக்காரு. காசு இல்லைங்கிறது பதில் இல்லைன்னு அவரு சொன்னதுக்கு அர்த்தம், பட்ஜெட்டை நான் போடறேன்னு இல்ல, ஜெயில் நடத்தணும்னா அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு நடத்துங்க, முடியலேன்னா அத்தனை பேரை அடைக்காதீங்கன்னு. தெருவுல ஓட்டுக் கேட்டு வர்ற எவனாவது கைதிக்காகப் பேசுவானா, இல்ல மனநோயாளிக்காகப் பேசுவானா? ஓட்டில்லாதவங்களுக்கு ஓட்டால வராத ஜட்ஜ் ஒருத்தர்தான் கடைசிக் கதவு.

சட்டக்கல்லூரி மாணவி:
இதோட பெண்கள் கேஸையும் சேர்த்துக்கோங்க. 1966 வரைக்கும் அலபாமாவுல பெண்கள் மாநில ஜூரில உக்காரவே முடியாது, அது செல்லாதுன்னு சொன்ன பெஞ்சுல இவரு இருந்தாரு. ஏர் ஃபோர்ஸ்ல வேலை பாத்த ஒரு பெண் அதிகாரி, ஆண்களுக்குத் தானா கிடைக்கிற குடும்பச் சலுகை எனக்கு ஏன் இல்லைன்னு போட்ட ஃப்ரான்டியரோ கேஸ் மான்ட்கோமரிலதான் ஆரம்பிச்சுது. பெஞ்சுல ரெண்டு பேர் அந்தம்மாவுக்கு எதிரா, ஜான்சன் மட்டும் மாறுபட்டு எழுதினாரு. 1973ல சுப்ரீம் கோர்ட் எட்டுக்கு ஒண்ணுன்னு அவரு சொன்ன முடிவுக்கே வந்துச்சு.

கோர்ட்வாசல்:
ட்ரயல் ஜட்ஜா அவரை முழுசா பாக்கணும்னா வயோலா லியூஸோ கேஸ். செல்மா ஊர்வலம் முடிஞ்ச ராத்திரி, ஊர்வலக்காரங்களைக் கார்ல கொண்டு போய் விட்ட டெட்ராய்ட் அம்மாவைக் கிளான் ஆளுங்க சுட்டுக் கொன்னாங்க. மாநில கோர்ட்டுல முதல் ஜூரி முடிவுக்கு வரல, ரெண்டாவது ஜூரி ஒருத்தனை விடுதலையே பண்ணிடுச்சு. 1965 டிசம்பர்ல ஃபெடரல் கோர்ட்டுல, சிவில் உரிமையைப் பறிக்க சதி பண்ணதா 1870 காலத்துச் சட்டத்துல ஜான்சன் முன்னாடி விசாரணை. ஜூரி முழுக்க வெள்ளைக்கார ஆண்கள். எங்களால ஒத்துப் போக முடியலன்னு திரும்பி வந்தாங்க. அவரு விடல, இன்னும் உக்காந்து பேசுங்கன்னு திரும்ப அனுப்பினாரு. மூணு பேரும் குற்றவாளின்னு வந்தாங்க, ஆளுக்குப் பத்து வருஷம், அது அந்தச் சட்டத்துல அதிகபட்சம். அலபாமா ஜூரி கிளான் ஆளுங்களைத் தண்டிக்கும்ங்கிறதையே அன்னிக்கு யாரும் நம்பல.

தாமிரபரணி:
இவ்வளவு பண்ணவரைச் சும்மாவா விட்டாங்க?

கரிசல்மண்:
எங்க விட்டாங்க. வீட்டு முன்னாடி சிலுவை கொளுத்தினாங்க, ராத்திரில போன் மிரட்டல், வருஷக்கணக்கா மார்ஷல் காவல். 1967 ஏப்ரல்ல அவரு வீடுன்னு நினைச்சு அவங்க அம்மா வீட்டுல குண்டு வச்சாங்க, அந்தம்மா உயிர் தப்பிச்சதே பெருசு. ஊரே ஒதுக்கிச்சு, தேவாலயத்துக்குக் கூட நிம்மதியா போக முடியல. 1975ல தத்தெடுத்த ஒரே பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான். அதுக்கு அடுத்த ஜனவரிதான் அந்த ஜெயில் தீர்ப்பு. எப்படி உக்காந்து எழுதினாரோ.

1977ல பிரசிடெண்ட் கார்ட்டர் எஃப்பிஐ டைரக்டர் பதவிக்கு இவரு பேரைச் சொன்னாரு, ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஆபரேஷன் ஆனதால பதவி ஏக்காமலேயே விலகிட்டாரு. 1979ல அப்பீல் கோர்ட்டுக்குப் போனாரு. அங்க 1985ல, ரெண்டு ஆண்கள் சொந்த வீட்டுக்குள்ள சம்மதத்தோட வச்சுக்கிற உடலுறவைக் கூடக் குத்தமாக்கின ஜார்ஜியா சட்டம் அடிப்படை உரிமையைத் தொடுதுன்னு எழுதினாரு. அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலுன்னு இவரைத் திருப்பிடுச்சு. 1999ல இறந்தாரு. 2003ல அதே சுப்ரீம் கோர்ட் தன்னோட 1986 தீர்ப்பு எழுதின அன்னிக்கே தப்புன்னு சொல்லி ரத்து பண்ணிச்சு. 2003லதான் வையட் கேஸும் முடிஞ்சுது, 33 வருஷம் ஓடின கேஸ்.

எதிர்வினை:
33 வருஷம் ஒரு ஆஸ்பத்திரி கோர்ட் மேற்பார்வைல இருக்கிறது வெற்றியா தோல்வியான்னு நான் இன்னும் முடிவுக்கு வரல. ஆனா வார்டு நர்ஸ் மேடம் எழுதின அந்த 110 டிகிரி விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. சட்டசபைல எவனும் அதைக் கேட்டிருக்க மாட்டான்.

கோர்ட்வாசல்:
சார், ஜெயில் பத்திக் கேட்டீங்களே, அதுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு. ஜான்சன் மேல போனப்ப காலியான சீட்டுக்கு 1980ல கார்ட்டர் போட்ட ஆளு மைரன் தாம்ப்சன், கறுப்பினத்தவர், பிறந்த ஊர் டஸ்கீகி, அதே 28 பக்கம் வெட்டின டஸ்கீகி. வையட் கேஸை முடிச்சு வச்சதும் அவருதான். 2017ல அலபாமா ஜெயில்ல மனநல சிகிச்சை அரசியல் சட்டத்துக்கு விரோதமான அளவுக்குப் படுமோசம்னு 300 பக்கம் போல தீர்ப்பு எழுதினதும் அவருதான். நீங்க சொன்ன 2019 அறிக்கையையும் இதையும் சேர்த்துப் படிங்க. பிரச்சினை தீரலைங்கிறது சரி, ஆனா அந்த மாநிலத்துல கைதி ஒருத்தன் மனு எழுதிப் போட்டா வாங்கிப் படிக்கிற ஒரு கோர்ட் இருக்குங்கிற பழக்கம் 1955க்கு அப்புறம் வந்ததுதான்.

சட்டக்கல்லூரி மாணவி:
அந்த கோர்ட் கட்டடத்துக்கு 1992லேர்ந்து ஜான்சன் பேரு. பக்கத்துலயே பழைய கிரேஹவுண்ட் பஸ் ஸ்டேஷன், 1961 மே 20 ரைடர்ஸை அடிச்ச இடம், இப்ப மியூசியம். ஜான் டோர்னு அரசு வக்கீல் அந்தக் கட்டடத்து ஜன்னல்லேர்ந்தே பாத்து வாஷிங்டனுக்கு போன்ல சொல்லிட்டு இருந்தாரு. அமெரிக்கால இருக்கிறவங்க யாராவது மான்ட்கோமரி பக்கம் போனா ரெண்டையும் பாத்துட்டு வந்து இங்க எழுதுங்க. நான் அதுக்குள்ள வையட் 1972 ஆர்டரோட அந்தத் தரநிலைகளைத் தமிழ்ல எழுத ஆரம்பிக்கிறேன், வார்டு நர்ஸ் அக்கா மருத்துவச் சொற்களை மட்டும் சரி பாத்துக் குடுங்க.

வார்டு நர்ஸ்:
கண்டிப்பா அனுப்பும்மா. எத்தனை நோயாளிக்கு எத்தனை பணியாளர்ங்கிற விகிதம் இருக்கிற பகுதிலேர்ந்து ஆரம்பி, எங்க ஆளுங்களுக்கு முதல்ல தேவைப்படறது அதுதான்.